கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது: படுகை, திட்டு ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி பிறந்து மேட்டூர் அணை நிரம்பும் தறுவாய்க்கு வந்துவிட்டால், அணைக்கரைக்குக் கீழே, காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் கிளம்பும். தெற்கே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல். வடக்கே திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என எந்த ஊரானாலும் டீக்கடையில் கேட்கப்படுவது இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெள்ளம் எங்கிருந்து வரும்?

குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை நமக்குப் பெரிதாக எதையும் தருவதில்லை. ஆனால் காவிரி பிறக்கும் குடகு மலையையும், அதன் துணையாறான கபினி பிறக்கும் வயநாட்டையும் அது அடித்து நனைக்கும். அந்தத் தண்ணீர் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிரப்பி, மிஞ்சியது மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்கு வருகிறது. மேட்டூரும் நிரம்பியிருந்தால் அடுத்த வாசல் நாம்தான்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. அதே நாளில்தான் மேட்டூர் தன் முழு உயரமான 120 அடியைத் தொட்டது. இரண்டும் ஒரே பருவமழையின் வேலை. ஆகவே ஆடி மாதத்தில் நம் ஊர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. தொலைக்காட்சியில் கேரளச் செய்தி ஓடும்போது அலைவரிசையை மாற்றாமல் இருந்தால் போதும், பாதி எச்சரிக்கை கிடைத்துவிடும்.

கன அடி என்கிறார்கள், டி.எம்.சி. என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. கன அடி என்று செய்தியில் சொல்வது ஓட்டத்தின் அளவு, அதாவது ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் கடந்து போகிறது என்பது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். டி.எம்.சி. என்பது தேங்கிக் கிடக்கும் நீரின் அளவு. நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் எவ்வளவு என்று ஒரு பாட்டி கேட்டார். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருநூற்று முப்பதுக்கும் மேல், ஒவ்வொரு விநாடியும் உங்கள் வாசலில் கவிழ்வதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். "மேட்டூரில் ஒரு லட்சம் டி.எம்.சி. திறந்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் பதறாமல் அழித்துவிடுங்கள்.

மேட்டூரில் திறந்தால் எங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வரும்?

குறுவை நெல் சாகுபடிக்காகத் திறக்கும் தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாள்கள் ஆகும். வறண்ட மணல் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்பும். வெள்ளம் அப்படி அசைந்து வராது. ஆறு ஏற்கெனவே நனைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து பெருநீர் தள்ளினால் அதைவிட விரைவாக முக்கொம்புக்கு வந்துவிடும். அங்கிருந்து கொள்ளிடம் வழியாக அணைக்கரை, பிறகு நாம்.

எப்படியானாலும் நமக்கு முழுசாக ஒரு நாளாவது கையில் கிடைக்கிறது. நிலநடுக்கம் வரும் ஊர்க்காரர்களுக்கோ மேகவெடிப்பு நிகழும் மலைக்காரர்களுக்கோ இந்தச் சலுகை கிடையாது. அந்த ஒரு நாளை "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்தே செலவழித்துவிடுவதுதான் நம் ஊர்களின் பெரிய வியாதி என்பது என் எண்ணம்.

மேட்டூரில் ஒரு லட்சம் திறந்தால் இங்கேயும் ஒரு லட்சம்தானே வரும்?

அப்படிக் கணக்குப் போடாதீர்கள். மேட்டூருக்குக் கீழே பவானி கூடுதுறையில் பவானி ஆறு சேர்கிறது. கரூர் மாவட்டத்தில் நொய்யலும், திருமுக்கூடலூரில் அமராவதியும் சேர்கின்றன. பவானிசாகரும் அமராவதி அணையும் அதே சமயத்தில் நிரம்பி வழிந்தால் மேட்டூர் எண்ணுக்கு மேலே அவையும் ஏறும். மறுபக்கம், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குப் பாசனத்துக்காகப் பிரிந்துபோகும் நீர் கழியும்.

மேட்டூர் எண்ணைப் பார்த்து மூட்டை கட்டத் தொடங்குங்கள். முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பும் அளவைப் பார்த்து முடிவெடுங்கள். கடைசியில் உங்கள் வீட்டுக்குள் வரப்போவது அணைக்கரையில், அதாவது கீழணையில் திறக்கும் எண்தான். பொதுப்பணித் துறை என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லும் நீர்வளத் துறை ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

காவிரியில் கொஞ்சம் விடக்கூடாதா? எல்லாவற்றையும் கொள்ளிடத்தின் தலையிலேயே ஏன் கொட்டுகிறார்கள்?

கோபம் நியாயமானதுதான், ஆனால் ஆற்றின் அமைப்பு அப்படி. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டுவிட்டு ஓடுகிறது. வடக்குக் கிளையான கொள்ளிடம் அகலமானது, அதன் அடிமட்டமும் தாழ்வானது. விட்டால் எல்லா நீரையும் அதுவே இழுத்துக்கொண்டு, காவிரியை வறண்டுபோகச் செய்துவிடும். அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்ட முனைந்தார். காவிரிக்கோ கதை வேறு. பிரிந்து பிரிந்து பாசனம் செய்துகொண்டே போவதால் கிழக்கே போகப் போக அது மெலிகிறது. பூம்புகார் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய்க்கால் போலத்தான் கடலுக்குப் போகிறது. அதில் ஒரு லட்சம் கன அடியை விட்டால் கும்பகோணமும் மயிலாடுதுறையும் என்ன ஆகும்? டெல்டாவின் வடிகால் கொள்ளிடம்தான். வடிகாலுக்குள் குடியிருப்பவர்கள் நாம்.

கரை உயரமாகத்தானே இருக்கிறது? உடைந்தால் பார்த்துக்கொள்வோம். இப்போதே ஏன் கிளம்பச் சொல்கிறார்கள்?

உங்கள் வீடு கரைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் நிலம்தான் படுகை. ஆற்றுக்கு நடுவிலேயே மேடாக இருப்பது திட்டு. நாதல்படுகைக்காரருக்கும் முதலைமேடுதிட்டுக்காரருக்கும் கரை உடையத் தேவையே இல்லை. கரை உறுதியாக நிற்க நிற்க, தண்ணீர் முழுவதும் அவர்கள் வீட்டு வழியாகத்தான் போகும். கரை காப்பது வெளியே இருக்கும் ஊர்களை.

இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் "தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம்" என்ற பதில் வருகிறது. இருக்கிறோம், உண்மை. தாத்தாவும் வெள்ளக் காலத்தில் மேட்டுக்குப் போய்விட்டு வந்துதான் இருந்தார். 1924 ஜூலைப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லி வந்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

எத்தனை கன அடி வந்தால் கிளம்ப வேண்டும்? ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. உங்கள் தெருவுக்கென ஓர் எண் இருக்கிறது, அதை நீங்கள்தான் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. 2024-இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டில் எந்தப் படி வரை நீர் வந்தது, எந்தப் பாதை முதலில் மூழ்கியது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு ஆண்டையும் எழுதி வையுங்கள்.

வீட்டுக்குள் எப்போது நீர் வரும் என்பதைவிட, வெளியேறும் பாதை எப்போது மூழ்கும் என்பதே முக்கியம். பல திட்டு ஊர்களில் வீடு மேட்டில் இருக்கும், சாலை பள்ளத்தில் இருக்கும். வீடு காய்ந்திருக்கும்போதே ஊர் தீவாகிவிடும். அதன் பிறகு தீயணைப்புத் துறையின் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். கர்ப்பிணிகள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகள் மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பே கிளம்பிவிட வேண்டும்.

கடல் பக்கத்தில்தான் இருக்கிறோம். தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடாதா?

கடல் வாங்கினால் வடியும். பழையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில் ஓதம் ஏறும், அதாவது கடல்மட்டம் உயரும் நேரத்தில் கடல் ஆற்று நீரை உள்ளே தள்ளும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் ஓதம் இன்னும் உயரம். ஆறு உச்சத்தில் இருக்கும் நாளும் அமாவாசையும் ஒன்றாக வந்தால், மேட்டூரில் குறைத்த பிறகும் நம் பக்கம் நீர் நின்று மல்லாடும். மீனவர்களைக் கேளுங்கள், ஓதம் எப்போது ஏறும் இறங்கும் என்று நாழிகைக் கணக்கில் சொல்வார்கள்.

மாடு கன்றை விட்டுவிட்டு நான் மட்டும் முகாமுக்குப் போவதா?

வேண்டாம், அவற்றை முதலில் அனுப்புங்கள். முகாமுக்கு வர மறுப்பவர்களில் பெரும்பாலோர் பிடிவாதக்காரர்கள் அல்லர். கொட்டகையில் நிற்கும் பசுதான் காரணம். இதை அதிகாரிகள் புரிந்துகொள்ளாமல் "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. மேட்டூர் நிரம்பிய செய்தி வந்ததுமே, பாதை காய்ந்திருக்கும்போது, கால்நடைகளைக் கரைக்கு வெளியே உறவினர் வீட்டுக்கோ கரை மேட்டுக்கோ ஓட்டிவிடுங்கள். வைக்கோலும் கூடவே போகட்டும், நனைந்த வைக்கோல் பூசணம் பிடித்துவிடும்.

ஓட்ட நேரமே இல்லாமல் போனால் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மாடு நீந்தும், மேட்டைத் தேடிப் போகும். கட்டிய மாடு முளைக்குச்சியோடு மூழ்கும். ஆடும் கோழியும் அப்படியல்ல, அவற்றைத் தூக்கித்தான் போக வேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாமான் திருடு போகாதா? ஆண்கள் மட்டும் இருந்துகொள்ளலாமே?

பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரவில் தண்ணீர் ஏறும்போது கூரை மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை மீட்கப் படகும் நான்கு வீரர்களும் வர வேண்டியிருக்கிறது. தெருவுக்கு இருவர் என முறை வைத்து, கரை மேலிருந்து பகலில் காவல் பாருங்கள். ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரோந்து வருவார்கள். நகையும் பத்திரமும் உங்களோடு வரட்டும். டிவியையும் மிக்ஸியையும் பரணில் ஏற்றுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

முகாமுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், கால்நடைக் காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பானைத் தண்ணீரின் குளிர்ச்சியிலாவது வைத்துக் கொண்டுபோக வேண்டும். டார்ச், போர்வை, சார்ஜ் ஏற்றிய போன், கைக்குழந்தைக்கான பால் மாவு, பெண்களுக்கு நாப்கின். முகாமில் சோறு கிடைக்கும், நாப்கின் கிடைப்பது உறுதியில்லை.

அழைக்க வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. போனில் பதிந்தால் மட்டும் போதாது, போன் நனைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? காகிதத்திலும் எழுதி அதே பையில் போடுங்கள்.

முழங்கால் அளவுதான் தண்ணீர். நடந்தே போய்விடலாமா?

தேங்கிய நீர் என்றால் கோல் ஊன்றிப் போகலாம். ஓடும் நீர் என்றால் வேண்டாம். முழங்கால் அளவு நீர் வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். இருசக்கர வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கும் என்றும் நம்பக்கூடாது. 2018-இல் திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் இருந்த, 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே வெள்ளத்தில் இறங்கிவிட்டன. 2024-இல் அதே பகுதியில் ஆற்றுக்குள் நின்ற உயர் மின்னழுத்தக் கோபுரம் சாய்ந்தது. இரும்புக்கே அந்தக் கதி.

முதலை வரும் என்கிறார்களே, பயமுறுத்தத்தானே?

பயமுறுத்தல் இல்லை. கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அணைக்கரைப் பக்கமும், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய கொள்ளிடம், வாய்க்கால், குளங்களிலும் அவை வாழ்கின்றன. முதலைமேடுதிட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வெள்ளத்தில் அவை ஓட்டத்துக்கு ஒதுங்கி, வயலுக்கும் குட்டைக்கும் வந்துவிடும். நீர் வடிந்த பிறகு ஊர்க் குளத்தில் தங்கிவிடுவதும் உண்டு. வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குக் குளத்தில் இறங்கித் துணி துவைப்பதையும் மாடு கழுவுவதையும் தவிர்த்து, கரையில் நின்று மொண்டு ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் கல்லெறியாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பிடித்துப் போய் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

உண்மையில் முதலையைவிட நான் அஞ்சுவது பாம்புக்குத்தான். புற்றும் வளையும் மூழ்கினால் அது உங்கள் பரணுக்கும் விறகுக் கட்டுக்கும் வரும். கடித்துவிட்டால் கயிறு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அங்கேதான் விஷமுறி மருந்து இருக்கும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே போகலாம். தூக்கத்தில் ஏதோ கடித்தது போலிருந்து காலையில் கண் இமை சொருகினால் அதுதான் என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கரைக்கு வெளிப்பக்கம் தண்ணீர் கசிகிறது. கரை உடையப்போகிறதா?

நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீராகக் கசிந்தால் கரை நனைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் வைத்துக் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக, மண்ணை இழுத்துக்கொண்டு வந்தால் கரைக்குள் பொந்து விழுந்துகொண்டிருக்கிறது. உடனே வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் சொல்லிவிட்டு, கரையோரத்து வீடுகளைக் காலி செய்யுங்கள்.

ஆர்வக்கோளாறில் பலர் வெளிப்பக்கத்துத் துவாரத்தில் துணியும் களிமண்ணும் வைத்து அடைப்பதைப் பார்க்கிறேன். அடைத்த நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். பொங்கும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் கொஞ்சம் தேங்கி நிற்கும்படி விட வேண்டும். தேங்கிய நீரின் எடையே மண் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும். நண்டு வளையும் எலி வளையும் வெள்ளம் வருவதற்கு முன்பு, சித்திரை வைகாசியில் அடைக்க வேண்டியவை.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?

ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில் வருகிறது. மேலே சொன்ன 2022, 2024 வெள்ளங்களைப் பாருங்கள், பெருக்கும் பெருவெள்ளமும் ஒரே வாரத்தில்தான் மோதுகின்றன. புதுப்பெருக்கைக் கும்பிட வேண்டும் என்றுதான் முன்னோர் சொன்னார்கள். குடத்தில் மொண்டு வந்து வாசலில் வைத்துக் காப்பரிசி படைத்தாலும் காவிரித்தாய் ஏற்றுக்கொள்வாள். படித்துறையில் நின்று செல்பி எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பதில் போதாது, இரண்டு அதட்டு தேவை.

அணை நிறைவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காதே?

எல்லோரும் கேட்கும் கேள்வி; கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் 2024-ஐப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூரை அந்த ஆண்டு திறக்க முடியவில்லை, அணையில் நீர் இல்லை. குறுவை போயிற்றே என்று டெல்டா முழுக்கக் கவலை. ஜூலை 28-இல் திறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 30-இல் அணை நிரம்பியது. மாதத் தொடக்கத்தில் இருந்த கொஞ்சம் நீரையும் "வெள்ளம் வரலாம்" என்று திறந்துவிட்டு, மழை பொய்த்திருந்தால்? சம்பாவுக்கு யார் பொறுப்பு?

மேட்டூர் பாசனத்துக்காகக் கட்டிய அணை. நிறையும் வரை அது வெள்ளத்தை விழுங்கும். நிறைந்த பிறகு வருவதை அப்படியே அனுப்பும், வேறு வழியில்லை. ஆனாலும் மேலே கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, பிலிகுண்டுலுவில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, கடைசிச் சில அடிகளை வெறுமையாக வைத்திருந்து வெள்ளத்தின் முனையை மழுக்கலாம் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அதற்குத் துணிச்சலும் மழை முன்கணிப்பின் மேல் நம்பிக்கையும் வேண்டும்.

கர்நாடகம் வேண்டுமென்றேதானே திறந்துவிடுகிறது? கேட்கும்போது தராமல் இப்போது மூழ்கடிக்கிறார்கள்.

கேட்கும்போது தருவதில்லை என்ற வழக்கு தனி, அதில் நியாயம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. வெள்ளத்தில் அந்தக் கோபத்தைக் கலக்க வேண்டாம். கபினி அணை சுமார் 19.5 டி.எம்.சி. மட்டுமே கொள்ளும், கிருஷ்ணராஜசாகர் சுமார் 49.5. மேட்டூரோடு ஒப்பிட்டால் இரண்டும் சிறியவை. வயநாட்டில் பெருமழை பெய்தால் கபினி சில நாள்களில் நிரம்பி வழியும். கபினி வழிந்தால் நஞ்சன்கூடு, கிருஷ்ணராஜசாகர் வழிந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம் என முதலில் மூழ்குவது அவர்களுடைய ஊர்கள்தான்.

இவ்வளவு தண்ணீரும் கடலில் வீணாகிறதே, தடுப்பணை கட்டினால் நாங்களும் தப்பிப்போமே?

இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்தான் சிக்கல். இரண்டு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 17 டி.எம்.சி.க்கு மேல் (மேலே சொன்ன கணக்கை இரட்டிப்பாக்குங்கள்). ஆதனூர் - குமாரமங்கலம் இடையிலான கொள்ளிடத்துக் கதவணை ஒரு டி.எம்.சி.யில் பாதிகூடக் கொள்ளாது. நிலத்தடி நீர் ஊறவும், கடல்நீர் ஆற்றில் ஏறி உப்பாகாமல் தடுக்கவும் கதவணைகள் கட்டாயம் தேவை. நம் பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரிப்பதைக் குடித்துப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். வெள்ளத்தை அவை நிறுத்தாது, அவ்வளவுதான்.

மணல் அள்ளியதால்தான் வெள்ளம் வருகிறதா?

மணல் அள்ளியதால் தண்ணீர் கூடவில்லை. ஆனால் மணல் போன ஆற்றில் பள்ளங்கள் விழுகின்றன, ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கரையை அறுக்கிறது, பாலத் தூண்களின் காலடி வெளியே தெரிகிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தபோது, வயதான கட்டுமானம் என்று ஒரு தரப்பும் மணல் கொள்ளை என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. நூற்றெண்பது வயதுக் கட்டடத்தின் காலடியில் மணலைத் தோண்டினால் இரண்டு காரணமும் ஒன்றாகிவிடுகிறது என்பது என் கட்சி.

தண்ணீர் வடிந்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போகலாமா?

பகலில் போங்கள். மண் சுவர் வீடுகள் பல வெள்ளத்தில் நின்றுவிட்டு, நீர் இறங்கி வெயில் அடிக்கும்போது விழும். ஊறிய சுவர் காயும்போது விரிசல் விடும். ஆற்றோரக் கரையும் அப்படியே. நீர் சடாரென்று இறங்கும்போது நனைந்த மண் பாளம் பாளமாகச் சரியும், விளிம்பில் நிற்காதீர்கள். மின் ஊழியர் பார்க்கும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.

கிணற்று நீரை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் காய்ச்சியே குடியுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலி மூத்திரம் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரைக் கடையில் நீங்களாக வாங்கிச் சமாளிக்கும் காய்ச்சல் அல்ல அது.

நிவாரணம் கிடைக்குமா? யாரைப் பார்க்க வேண்டும்?

கழுவித் துடைப்பதற்கு முன் படமெடுங்கள். சுவரில் நீர் நின்ற கறை, அழுகிய செடி, செத்த ஆடு எல்லாவற்றையும். செத்த கால்நடையைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்கு முன் புதைத்துவிட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். பயிர் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் சேதமாகியிருந்தால்தான் கணக்கில் வரும். பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். மாநில அரசு இதற்கு மேல் அறிவிப்பதும் உண்டு.

கணக்கெடுப்பது கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரும். படுகையில் கத்தரியும் மல்லிகையும் குத்தகைக்குப் போட்டிருப்பவர்களுக்குத்தான் தலைவலி. நிலம் ஒருவர் பெயரில், செடி இன்னொருவர் வியர்வையில். அடங்கல் எனும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் சாகுபடிதாரராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை நட்டவுடனே பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு பார்த்தால் காலம் கடந்துவிடும்.

பேசாமல் எங்களை வேறு இடத்துக்கே மாற்றிவிட்டால் என்ன?

கரைக்கு வெளியே, அதே ஊராட்சியில், படுகை நிலத்துக்கு நடந்து போகும் தூரத்தில் மனை கொடுத்தால் பலர் போவார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி அடுக்கு வீடு கொடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். வெள்ளம் விட்டுப்போகும் வண்டல்தான் அவர்களுக்குச் சோறு. வீடு வெளியே, விவசாயம் உள்ளே என்பது நடக்கக்கூடிய தீர்வு. அதோடு ஆரம்பப் பள்ளியும் ரேஷன் கடையும் சேர வேண்டும்.

ஆடி வெள்ளம் போய்விட்டது. இனி இந்த ஆண்டு கவலையில்லைதானே?

2022-இல் அப்படித்தான் நினைத்தோம். ஆகஸ்டில் கொள்ளிடம் ஊருக்குள் வந்து போனது. நவம்பர் 11 இரவு சீர்காழியில் கொட்டிய மழை மறுநாள் காலை வரை 44 சென்டிமீட்டர். அது ஆற்று வெள்ளம் அல்ல, வானத்திலிருந்து நேராக வந்தது. மேட்டூர் எண், முக்கொம்பு எண், ஒரு நாள் அவகாசம் என்று மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. கரைக்கு வெளியே இருப்பதால் ஆடியில் தப்பித்த ஊர்கள்தான் அப்போது அதிகம் தவித்தன. கொள்ளிடம் உயர்ந்திருக்கும்போது வடிகால் மதகைத் திறந்தால் ஆறு உள்ளே வரும், மூடினால் மழைநீர் வெளியே போகாது.

ஆகவே புரட்டாசிக்குள் உங்கள் தெரு வடிகால் எந்த வாய்க்காலில் சேருகிறது, அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். ஆகாயத்தாமரையை அள்ளச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்கள் போட்ட பாலித்தீன் பையைத் தை பிறக்கும் வரை பிரிக்க வேண்டாம்.